வாசலுக்கு மேலே: கல் உத்தரமா, ஆர்ச்சா, துண்டு லிண்டலா, சுற்று லிண்டலா?

சுவர் ஏழு அடி உயர்ந்ததும் வேலை ஒரு நாள் நிற்கும். கதவுக்கும் ஜன்னலுக்கும் விட்ட இடைவெளிகளுக்கு மேலே இனி வரப்போகும் செங்கல்லை எது தாங்குவது என்று முடிவாக வேண்டும். நம் ஊரில் இதற்கு நான்கு விடைகள் இருக்கின்றன. கல் உத்தரம், செங்கல் ஆர்ச், இடைவெளிக்கு மேல் மட்டும் போடும் துண்டு லிண்டல், வீட்டைச் சுற்றிவரும் சுற்று லிண்டல். நான்கும் ஒரே வேலையைச் செய்பவை என்று நினைத்துத்தான் பலரும் விலையை மட்டும் ஒப்பிடுகிறார்கள். கடைசியாகச் சொன்னது மற்ற மூன்றும் செய்யாத இன்னொரு வேலையையும் செய்கிறது. பில்லர் இல்லாமல், சுவர்மேலேயே தளம் உட்காரும் வீடு என்றால் அதை விட்டுவிட்டு மற்றவற்றை யோசிப்பதே தவறு என்பது என் உறுதியான கருத்து.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கட்டுமான இடத்தில் ‘லிண்டல்’ மூன்று பொருளில் புழங்குகிறது. கதவு, ஜன்னல் இடைவெளிக்கு மேலே படுத்திருக்கும் உத்தரம் ஒன்று. “லிண்டல் வரை வந்துவிட்டது” என்று சொல்லும்போது அது உயரம். தரையிலிருந்து பெரும்பாலும் 7 அடி. பிரதமர் வீடு கட்டும் திட்டத்தில் தவணை கொடுப்பதற்குக்கூட அடித்தளம், கூரை போல லிண்டல் மட்டமும் ஒரு கட்டம். மூன்றாவது, எல்லாச் சுவர்களின் மீதும் அறுபடாமல் ஓடும் கான்கிரீட் பட்டை. ஒப்பந்தத்தில் “லிண்டல் உண்டு” என்று ஒற்றை வரி எழுதினால் கட்டுகிறவர் முதல் பொருளில் எடுத்துக்கொள்வார், வீட்டுக்காரர் மூன்றாவது பொருளில் நினைத்துக்கொண்டிருப்பார். ஆகவே ‘துண்டு’ அல்லது ‘சுற்று’ என்று எழுதி, கனமும் கம்பியும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். “லிண்டலுக்கு என்ன பெரிய பாரம், மேலே இருக்கும் முக்கோணம் மட்டும்தானே” என்று அனுபவமுள்ள மேஸ்திரிகளே சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. செங்கற்கள் ஒன்றின்மேல் ஒன்று மாறிமாறிப் பிணைந்திருப்பதால், இடைவெளிக்கு மேலே ஏறத்தாழச் சமபக்க முக்கோண வடிவிலுள்ள சுவரின் எடைதான் லிண்டலில் இறங்கும். மிச்சம் இருபுறமும் வழிந்துவிடும். 4 அடி ஜன்னலுக்கு 9 இன்ச் சுவரில் அந்த முக்கோணத்தின் எடை சுமார் 280 கிலோ. ஆனால் அந்த முக்கோணத்தின் உயரம் ஏறத்தாழ மூன்றரை அடி. நம் வீடுகளில் 7 அடியில் லிண்டல், 10 அடியில் தளம்; லிண்டலின் கனம் போக மிஞ்சுவது இரண்டரை அடி. முக்கோணம் முடிவதற்குள் தளம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதனால் தளத்தின் பாரத்திலும் ஒரு பங்கு லிண்டலுக்கே வரும். உயரமான சுவர் வைத்துக் கட்டிய காலத்துக் கணக்கை இன்றைய 10 அடி வீட்டுக்குச் சொல்லக்கூடாது.

இனி ஒவ்வொன்றாக.

கல் உத்தரத்தில் தொடங்குவோம். கோயில் கட்டுமானம் முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது. தூண், அதன் தலையில் போதிகை, போதிகைமேல் உத்தரம், உத்தரத்தின்மேல் கூரைக்கல். கல்லின் பலமும் பலவீனமும் இந்த அடுக்கிலேயே தெரியும். அழுத்தினால் கருங்கல் எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும். இழுத்தால் அதில் மிகச் சிறு பங்குதான். உத்தரமாகப் படுக்கவைத்தால் மேல்விளிம்பு அழுத்தப்படும், அடிவிளிம்பு இழுபடும். உடைவது எப்போதும் அடியிலிருந்துதான். அதே கனமுள்ள கல்லின் நீளத்தை இரு மடங்காக்கினால், அதன் சொந்த எடையால் வரும் வளைவுவிசை நான்கு மடங்காகும். போதிகை இருபுறமும் நீண்டு உத்தரம் தாண்ட வேண்டிய தூரத்தைக் குறைப்பது அதற்காகத்தான். அலங்காரம் பிறகு வந்தது. மதுரை ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள் அவ்வளவு நெருக்கமாக நிற்பதற்கும் கல் தாண்டக்கூடிய தூரம் ஒரு காரணம்.

பழைய மண்டபங்களில் நடுவே விரிந்த உத்தரத்துக்கு அடியில் பிற்காலத்தில் செங்கல் தூணோ இரும்பு முட்டோ கொடுத்திருப்பதைப் பார்க்கலாம். சில இடங்களில் முட்டும் இல்லாமல், விரிசலோடு அந்தக் கல் அப்படியே நிற்கும். அதன் இரு முனைகளும் மேலிருக்கும் பாரத்தில் இறுகிக்கிடப்பதால், உடைந்த இரு பாதிகளும் ஒன்றையொன்று நெருக்கிச் சாய்ந்து, மிகத் தட்டையான ஆர்ச்சாக மாறிவிடுகின்றன. கல் தன் இயல்பான வேலைக்குத் திரும்பிவிடுகிறது என்று சொல்ல வேண்டும்.

வீட்டுக்குக் கல் உத்தரம் பொருந்துமா? கருங்கல் பலகை எளிதில் கிடைக்கும் ஊர்களில் 3 அடிக்குள்ளான ஜன்னல், மாடம், அலமாரி ஆகியவற்றுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். கரையான் வராது, துரு வராது. ஆனால் உடைவதற்குமுன் அது எச்சரிக்கை தராது. கம்பிபோட்ட கான்கிரீட் முதலில் தொய்யும், கீறல் காட்டும், நமக்கு நேரம் கொடுக்கும். கல் அப்படிச் செய்வதில்லை. கடப்பைக் கல்லை ஜன்னல்மேல் வைத்து அதன்மீது சுவர் எழுப்புவதை நான் ஏற்கமாட்டேன். அது தட்டுகளுக்கு ஏற்ற கல், பாரத்துக்கு ஏற்றதல்ல. மர உத்தரத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை: நல்ல தேக்கு, வைரம் பாய்ந்த பனை ஆகியவை தலைமுறைகளுக்கு நின்றிருக்கின்றன, ஆனால் இன்று அந்தத் தரத்தில் மரம் வாங்கும் பணத்துக்கு மூன்று வீட்டின் லிண்டலை முடித்துவிடலாம்.

ஆர்ச்சின்மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. கம்பி ஒரு கிலோகூட இல்லாமல், கையில் அடங்கும் செங்கற்களை வைத்து இடைவெளியைத் தாண்டுகிற கலை அது. மதுரையில் 1636-இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகாலின் முற்றத்தில் நின்று மேலே பாருங்கள். செங்கல், சுண்ணாம்பு, சுதை வேலையால் ஆன வளைவுகள் தூணிலிருந்து தூணுக்குத் தாவுகின்றன. பிறகு பார்வையைக் கீழே இறக்கி அந்தத் தூண்களின் பருமனைப் பாருங்கள். ஆர்ச்சின் விலை அங்கே இருக்கிறது. ஆர்ச் பாரத்தை நேராகக் கீழே இறக்குவதில்லை. இருபுறமும் தள்ளிக்கொண்டே இறக்குகிறது. அந்தத் தள்ளுதலை வாங்கிக்கொள்ளப் பக்கத்தில் எடை வேண்டும். வரிசையாக ஆர்ச் வரும்போது ஒன்றின் தள்ளுதலை அடுத்தது ஈடுசெய்யும். வரிசையின் கடைசித் தூணுக்குத்தான் முழுச் சோதனையும்.

இதை எண்ணால் பார்த்தால் நன்றாகப் புரியும். 4 அடி இடைவெளி, அதன்மேல் சமமாகப் பரவிய 400 கிலோ. அரைவட்ட ஆர்ச் என்றால் உயர்ச்சி, அதாவது வளையத் தொடங்கும் இடத்திலிருந்து உச்சிவரை, 2 அடி. பக்கவாட்டுத் தள்ளுதல் சுமார் 100 கிலோ. பார்வைக்கு எளிமையாக இருக்கட்டும் என்று உயர்ச்சியை அரை அடியாகக் குறைத்தால் அதே பாரத்துக்குத் தள்ளுதல் சுமார் 400 கிலோ. ஆர்ச் எவ்வளவு தட்டையோ அவ்வளவு முரட்டுத்தனமாகத் தள்ளும். வீட்டின் மூலையிலிருந்து ஒன்றரை அடியில் ஜன்னல் வைத்து, அதற்குத் தட்டையான ஆர்ச்சும் கொடுத்தால், மூலைச் சுவர் மெல்ல வெளியே சாயும். மூலையை ஒட்டிய ஜன்னலுக்கு ஆர்ச் வேண்டாம். வைத்தே ஆக வேண்டுமென்றால் இரு கால்களையும் இணைக்கும் இரும்புக் கம்பி குறுக்கே போக வேண்டும்.

ஆர்ச் கட்டுகிற கை இன்று அருகிவிட்டது. வேலை தெரிந்தவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள்: வட்டத்தின் மையம் வரும் இடத்தில் ஒரு கட்டையை நிறுத்தி ஆணி அடிப்பார், ஆணியில் நூல் கட்டுவார். ஒவ்வொரு செங்கல்லையும் வைத்தபின் நூலை இழுத்துப் பிடித்து, கல்லின் இணைப்பு அந்த நூலின் வழியிலேயே போகிறதா என்று பார்ப்பார். இரு காலிலிருந்தும் சமமாக ஏறி, உச்சிக்கல்லைக் கடைசியில் இறக்குவார். நூல் பிடிக்காமல் கண்மதிப்பில் கட்டுபவர், கல்லைச் சாய்ப்பதற்குப் பதிலாகக் கலவையை ஆப்புபோல் நிரப்புவார். அந்த ஆர்ச்சைத் தாங்குவது பூச்சுதான்.

கேரளத்தில் வாழ்ந்து கட்டிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) தம் வீடுகளில் செங்கல் ஆர்ச்சையும், கல்லைப் படிப்படியாக முன்னே நீட்டி இடைவெளியை மூடும் முறையையும் மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். செங்கல்லை விளிம்பில் நிறுத்தி நடுவே ஒரு வாய்க்கால் விட்டு, அதில் ஒன்றிரண்டு கம்பியும் கான்கிரீட்டும் நிரப்பும் சிக்கன லிண்டலும் அவர் பரப்பியது. ஆரோவில்லில் அழுத்திய மண்கட்டியில் இதே வாய்க்கால் வடிவத்தில் கட்டிகளை அச்சிட்டே செய்கிறார்கள். இரும்பு, சிமென்ட் இரண்டையும் குறைக்க விரும்புகிறவர்கள் இந்த வழியைப் படித்துப் பார்க்க வேண்டும். ஒரு நல்ல பொறியாளர் கூட இருக்கட்டும்.

துண்டு லிண்டல் இன்று பெரும்பாலோர் போடுவது. இடைவெளியின் அகலம், அதோடு இருபுறமும் குறைந்தது 6 இன்ச் சுவரில் உட்காரும் நீளம். 6 இன்ச் கனம், அடியில் இரண்டு அல்லது மூன்று முதன்மைக் கம்பி, மேலே இரண்டு, அவற்றைச் சுற்றிப் பிடிக்க 6 இன்ச் இடைவெளியில் ரிங். கான்கிரீட்டின் இயல்பும் கல்லைப் போன்றதுதான். எம்-20 ரகம் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அழுத்தம் தாங்கும்; வளைக்கும்போது வரும் இழுப்பில் 3-ஐத் தாண்டினால் கீறல் விடும். அடியில் ஓடும் கம்பி அந்த இழுப்பை ஏற்பதால்தான் இது கல் உத்தரத்தைவிட நீளமாகத் தாண்டுகிறது. தரையில் வார்த்துத் தூக்கிவைக்கும் லிண்டலில், எது மேற்புறம் என்று ஈரம் காய்வதற்குள் கீறி எழுத வேண்டும். தலைகீழாக வைத்துவிட்டால் தடித்த கம்பி மேலே போய்விடும்.

இந்த இடத்தில் சன்ஷேட் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது, ஏனென்றால் லிண்டலோடு சேர்த்து வார்க்கும்போது அதிகம் கெடுவது அதுதான். லிண்டல் இருபுறமும் தாங்கப்பட்டது, ஆகவே அடியில் இழுபடும். சன்ஷேட் ஒரு பக்கம் மட்டும் பிடிப்புள்ள பலகை. நுனி கீழே தொங்கப் பார்க்கும், மேற்புறம் இழுபடும். ஆக அதன் முதன்மைக் கம்பி மேலே இருக்க வேண்டும், லிண்டலின் கம்பிக்கூட்டுக்குள் நுழைந்து கொக்கிபோட்டு நிற்க வேண்டும். கம்பி கட்டுபவர் சரியாகவே கட்டியிருப்பார். கான்கிரீட் சட்டியோடு ஆள் ஏறுகிறார். நிற்க வேறு இடமில்லை, அந்தக் கம்பிவலைமீதே மிதிக்கிறார். 8 மி.மீ. கம்பி ஒரு மிதியில் அடிப்பலகையைத் தொட்டுவிடும். மூன்று இன்ச் கனத்தில் கம்பி அடியில் கிடந்தால் அந்தச் சன்ஷேட்டில் கம்பி இல்லை என்றே கொள்ளலாம். சில மழைக்காலம் கழித்து, சுவரும் சன்ஷேட்டும் சேரும் மேல்விளிம்பில் நீளமாக ஒரு கீறல் வரும், தண்ணீர் இறங்கும், கம்பி துருவேறிப் பருக்கும், பூச்சு செதில் செதிலாக உதிரும். கான்கிரீட் போடும்போது வீட்டுக்காரர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியம், ஒரு பலகையைக் குறுக்கே போட்டு “இதன்மேல் நின்று கொட்டுங்கள்” என்று சொல்வதுதான். கம்பியை அடிப்பலகையிலிருந்து தூக்கிப் பிடிக்கும் சிறு கட்டியான கவர் பிளாக்குக்கு மேலே கம்பி நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பது அடுத்தது.

துண்டு லிண்டலின் குறை அதன் பெயரிலேயே இருக்கிறது. அது முடிகிற இடத்தில் கான்கிரீட்டும் செங்கல்லும் சந்திக்கின்றன. வெயிலில் இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. அந்த முனையிலிருந்து மூலைவிட்டமாக ஒரு மெல்லிய கீறல் கிளம்புவது இதனால். வலை ஒட்டிப் பூசினால் பெரும்பாலும் அடங்கும். அதைவிடப் பெரிய குறை, ஒவ்வொரு ஜன்னல்மேலும் தனித்தனியே படுத்திருக்கும் இந்தத் துண்டுகள் சுவர்களை ஒன்றோடொன்று பிணைப்பதில்லை.

சுற்று லிண்டலின் கூடுதல் வேலை அந்தப் பிணைப்புதான். நிலம் பக்கவாட்டில் ஆடும்போது சுவர் தன் நீளத்தின் வழியே நன்றாக எதிர்த்து நிற்கும். குறுக்கே தள்ளினால் எளிதில் சாயும். நான்கு சுவரும் நான்கு திசையில் தனித்தனியே ஆடினால் முதலில் மூலைகள் பிளக்கும், பிறகு நீளச் சுவர் வெளியே விழும், அதன்பின் கூரை. ஏழடி உயரத்தில் ஓர் அறுபடாத பட்டை சுற்றி வந்தால் சாயப்போகும் சுவரைக் குறுக்குச் சுவர்கள் பிடித்துக்கொள்ளும். பெட்டியைச் சுற்றிக் கட்டிய கயிறு போன்றது அது.

1993 செப்டம்பர் 30 அதிகாலையில் மகாராஷ்டிரத்தின் லாத்தூர் வட்டாரத்தில் நிலம் குலுங்கியபோது கில்லாரி கிராமத்தின் வீடுகளில் பெரும்பாலானவை பகுதியாகவோ முழுவதுமாகவோ இடிந்தன. அந்த ஊரில் லிண்டல் பட்டை போட்டிருந்த ஒரு கட்டடம் ஏறக்குறைய எந்தச் சேதமும் இல்லாமல் நின்றது. நிலநடுக்கப் பொறியியல் பாடங்களில் இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது அந்தக் கட்டடம். அடித்தளப் பட்டை, லிண்டல் பட்டை, கூரைப் பட்டை என்று பல இருந்தாலும் முதன்மையானது லிண்டல் பட்டைதான் என்று பொறியாளர்கள் சொல்கிறார்கள். கான்கிரீட் தளம் போட்ட வீட்டில் தளமே கூரைப் பட்டையின் வேலையைச் செய்துவிடும்; ஓட்டு வீட்டுக்கு அதையும் தனியாகப் போட வேண்டும்.

“தமிழ்நாட்டில் ஏது நிலநடுக்கம்?” என்று கேட்பவர்கள் உண்டு. 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பகுதி நன்றாகவே குலுங்கியது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்குக் கிழக்கே கடலில் 5.5 அளவில் ஏற்பட்ட அதிர்வு சென்னைவரை உணரப்பட்டது. நிலநடுக்க அபாய மண்டலங்களைக் காட்டும் இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 1893-இன் 2002-இல் திருத்தப்பட்ட வரைபடம் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது. அதிர்வு வராவிட்டாலும் அடித்தளம் ஒரு பக்கம் சற்று இறங்கினால் வரும் விரிசலைக் கட்டுப்படுத்தவும் இந்தப் பட்டை உதவும். களிமண் பூமியில் கட்டுகிறவர்களுக்கு அது சிறிய ஆதாயம் அல்ல.

செலவுதான் எல்லோரும் சொல்லும் தடை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30-க்கு 20 அடி வீடு, நடுவே 20 அடியில் ஒரு குறுக்குச் சுவர். மொத்தம் 120 அடி சுவர், 9 இன்ச் கனம். மூன்று கதவு, ஐந்து ஜன்னல். துண்டு லிண்டலுக்கே 38 அடிக்குச் சற்று மேல் ஆகிவிடும். 6 இன்ச் கனத்தில் ஏறத்தாழ 14 கன அடி கான்கிரீட். மிச்சம் 81 அடி சொச்சத்துக்கும் அதே 6 இன்ச் வேண்டியதில்லை. பட்டைக்குக் குறைந்தபட்சம் 75 மி.மீ. கனமும், 8 மி.மீ. கம்பி இரண்டும், 150 மி.மீ. இடைவெளியில் 6 மி.மீ. இணைப்புக் கம்பியும் போதும். அதற்கு ஆவது சுமார் 15 கன அடி கான்கிரீட், கம்பியோடு கம்பி சேரும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் லேப்பிங்கும் சேர்த்து 30 கிலோவைச் சற்றுத் தாண்டும் கம்பி. உங்கள் ஊர் விலையில் இதைப் பெருக்கி, வாசல் டைல்ஸுக்கு ஒதுக்கியிருக்கும் தொகைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பெரிய வீடு, நீளமான சுவர், மாடி என்றால் கனமும் கம்பியும் கூடும். அதைப் பொறியாளர் ஐ.எஸ். 4326 பார்த்துச் சொல்வார்.

பட்டை போட்டேன் என்று சொல்லிக்கொண்டே அதை வீணாக்குவதற்கும் வழிகள் இருக்கின்றன. மூலையில் இரு சுவரின் கம்பிகளும் ஒன்றையொன்று தொட்டு நின்றுவிட்டால் அங்கே பிணைப்பே இல்லை; ஒரு சுவரின் கம்பி மூலையில் வளைந்து அடுத்த சுவருக்குள் போதிய நீளம் ஓடிப்போய் அங்குள்ள கம்பியோடு சேர வேண்டும். குறுக்குச் சுவர் வந்து சேரும் இடத்திலும் அப்படியே. படிக்கட்டு ஜன்னல் உயரமாக வருகிறது என்று பட்டையை அங்கே வெட்டிவிடுவது இன்னொரு தவறு. ஒரே இடத்தில் அறுந்தாலும் மொத்தப் பயனும் போய்விடும்.

பில்லர், பீம் போட்ட வீட்டின் நிலைமை வேறு. அங்கே பாரம் தூண் வழியாக இறங்குகிறது. சுவர் இடத்தை அடைக்கிறது, அவ்வளவுதான். ஆகவே பணம் நெருக்கடியாக இருந்தால் உட்காரும் நீளம் சரியாக உள்ள துண்டு லிண்டல் போதும். சுற்று லிண்டல் போட்டால் நல்லது. நீளமான சுவரை இரண்டாகப் பிரித்து விரிசலைக் குறைக்கும். ஆனால் அதற்காகத் தூணின் கம்பியிலோ ரிங் இடைவெளியிலோ கைவைக்காதீர்கள். அந்த வீட்டின் உயிர் தூணும் பீமும் சேரும் முடிச்சுகளில் இருக்கிறது.

ஆர்ச்சும் வேண்டும், பாதுகாப்பும் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு இடைவழி உண்டு. ஆர்ச்சின் உச்சிக்கு மேலே பட்டையை ஓடவிடலாம். பட்டை கட்டிப் பிடிக்கும், ஆர்ச் தன் இடைவெளியைத் தாண்டும். உயரக் கணக்கை மட்டும் முதலிலேயே போட வேண்டும்: உச்சி 7 அடியில் வரும் 4 அடி அரைவட்ட ஆர்ச், 5 அடி உயரத்திலேயே வளையத் தொடங்கிவிடும். நிலைக்கதவை அதற்கேற்ப வளைத்துச் செய்யத் தச்சர் வேண்டும், அல்லது கதவுக்கு மேலே அரைவட்டத்தைக் கண்ணாடியோ துளைகளுள்ள ஜாலியோ வைத்து அடைக்க வேண்டும். வராந்தாவில் கதவு கிடையாது என்பதால் அங்கே ஆர்ச் இயல்பாகப் பொருந்தும்.

ஏற்கெனவே துண்டு லிண்டலோடு கட்டி முடித்த சுவர் வீடு உங்களுடையது என்றால் அதற்கும் வழியிருக்கிறது. லிண்டல் மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரின் பூச்சைப் பட்டையாகச் செதுக்கி எடுத்து, வெல்டிங் கம்பிவலையைச் சுவரோடு ஆணியும் கம்பியும் கொண்டு இறுக்கி, சிமென்ட் கலவையால் கனமாகப் பூசி, வீட்டைச் சுற்றிக் கொண்டுவருவது. பழைய சுவர் வீடுகளைப் பலப்படுத்துவதற்கான ஐ.எஸ். 13935 இதை விவரிக்கிறது. வெளிப்பக்கம் சுற்றிவந்த பட்டையை உள்ளே இருக்கும் குறுக்குச் சுவர்களோடும் கம்பி துளைத்து இணைக்க வேண்டும். வெள்ளையடிப்பதற்காகச் சாரம் கட்டுகிற ஆண்டில் சேர்த்துச் செய்தால் சாரக்கூலி மிச்சம்.